ஒருவேளைப் பை: சோவியத் பெண்ணின் சட்டமும் சமையலறையும்

ரஷ்ய மொழியில் 'அவோஸ்' என்றால் 'ஒருவேளை', 'அதிர்ஷ்டம் இருந்தால்' என்று பொருள். அந்தச் சொல்லிலிருந்து ஒரு பைக்குப் பெயர் வந்தது: அவோஸ்கா. நூலால் வலைபோலப் பின்னிய பை. சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் நாலைந்து கிலோ உருளைக்கிழங்கும் ஒரு முட்டைக்கோசும் இரண்டு பாட்டில் பாலும் தாங்கும். சோவியத் நாட்டில் வேலைக்குப் போகும் பெண், அதாவது அநேகமாக எல்லாப் பெண்களும், அதைக் கைப்பையின் ஒரு மூலையில் எப்போதும் வைத்திருப்பார்கள். வாங்கவேண்டியது இன்னதென்று முன்கூட்டி முடிவு செய்துகொண்டு அல்ல. போகிற வழியில் ஏதாவது கடைக்கு ஒருவேளை ஏதாவது வந்திருந்தால்?

தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த சோவியத் பெண்ணின் கையில் அந்தப் பை இல்லை. சோவியத் தூதரகம் வெளியிட்ட 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான பக்கங்களில்தான் நாங்கள் அவளைப் பார்த்தோம். பள்ளி நோட்டுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் கிடையாது என்பதால், கம்யூனிசத்துக்கு ஒரு தொடர்பும் இல்லாத வீடுகளிலும் அவள் இருந்தாள். டிராக்டர் ஓட்டினாள், நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள், குழந்தைக்கு ஊசி போட்டாள். எப்போதும் சிரித்தாள். அந்தப் படங்களைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவள் உண்மையிலேயே டிராக்டர் ஓட்டினாள், உண்மையிலேயே டாக்டராக இருந்தாள். படம் பிடித்தவர் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய்விட்டார், அவ்வளவுதான். அவளுடைய அடுத்த வேலை ஐந்து மணிக்குத்தான் தொடங்கும்.

ரொட்டி வரிசையில் பிறந்த புரட்சி

1917 பிப்ரவரிப் புரட்சி பெத்ரோகிராது (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் ரொட்டி வரிசைகளிலிருந்து கிளம்பியது. பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அன்று பிப்ரவரி 23. நமக்கு மார்ச் 8. வீபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்து ஆலைகளின் ஆண்களையும் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். பகல் முழுக்க ஆலையில் நின்று, பிறகு ரொட்டிக்காக நின்று, கடைசியில் 'தீர்ந்துவிட்டது' என்ற பதிலோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். ஒரே வாரத்தில் ஜார் முடி துறந்தார். அந்த ஆண்டு ஜூலையில் இடைக்கால அரசு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. லெனினின் கட்சியான போல்ஷெவிக்குகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதை ஆதரிப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள், எதிர்ப்பவர்களும் மறந்துவிடுகிறார்கள்.

அக்டோபரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபிறகு சட்டங்கள் வந்த வேகம் அன்றைய உலகில் வேறெங்கும் இல்லாதது. இரண்டே மாதத்தில் திருமணம் சர்ச்சின் கையைவிட்டுப் போனது. 1918 குடும்பச் சட்டத்தில், கணவனோ மனைவியோ ஒருவர் கேட்டாலே விவாகரத்து கிடைத்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் சம உரிமை. அலெக்சாந்திரா கொலந்தாய் சமூக நல அமைச்சரானார். உலகின் முதல் பெண் அமைச்சர்களில் ஒருவர் அவர். 1919-இல் கட்சிக்குள் பெண்களுக்கென்றே 'ஜெனோத்தெல்' என்ற பிரிவு உருவானது. அதன் முதல் தலைவர் இனெஸா அர்மாந்த், மறு ஆண்டே காலராவில் இறந்துபோனார். அந்தப் பொறுப்பும் கொலந்தாய்க்கு வந்தது. 1920-இல் மருத்துவமனையில் டாக்டர் கையால் இலவசமாகச் செய்துகொள்ளும் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. எந்த நாடும் அதற்குமுன் இதைச் செய்ததில்லை.

அந்த 1920 ஆணையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும். பெண்ணின் உடல் பெண்ணுக்கே சொந்தம் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. கருக்கலைப்பு ஒரு தீமை. ஆனால் பழைய ஒழுக்கத்தின் மிச்சங்களும் இன்றைய வறுமையும் பெண்களை அதற்குத் தள்ளுகின்றன. கண்டவர் கையில் சாவதைவிட டாக்டரிடம் வரட்டும் என்பதுதான் அதன் வாதம். மனிதாபிமானமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் வறுமை தீர்ந்துவிட்டதாக அரசு என்றைக்கு அறிவிக்கிறதோ, அன்றைக்கு இந்த அனுமதிக்கும் வேலை இல்லாமல் போகும். பதினாறு ஆண்டுகளில் அப்படியேதான் நடந்தது.

1926-இல் குடும்பச் சட்டம் இன்னும் தளர்ந்தது. பதிவு செய்யாத சேர்ந்துவாழ்தலையும் திருமணமாக ஏற்றார்கள். விவாகரத்துக்கு மற்றவர் வரவேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் போய்ப் பதிவு செய்தால் மற்றவருக்கு அஞ்சலட்டையில் தகவல் வரும். நகரத்துப் படித்த பெண்ணுக்கு இது விடுதலை. கையில் குழந்தையும் வேலையில்லாத நிலையும் உள்ள பெண்ணுக்கோ, ஒருநாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கும் அட்டைதான் அந்த விடுதலை. உள்நாட்டுப் போரும் வோல்கா பஞ்சமும் அநாதையாக்கிய பிள்ளைகள் லட்சக்கணக்கில் ரயில் நிலையங்களில் திரிந்த காலம் அது. ஜீவனாம்ச வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. கிராமத்தில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மாடும் நிலமும் கூட்டுக் குடும்பத்துக்குப் பொது. விவாகரத்தான மருமகளுக்கு மாசாமாசம் எதை வெட்டிக் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு மாஸ்கோவில் சட்டம் எழுதியவர்களிடம் பதில் இல்லை.

பெரியார் சோவியத் நாட்டில் சுமார் மூன்று மாதம் இருந்தது 1932-இல். திரும்பி வந்தபின் சுயமரியாதை மேடைகளில் ருஷ்யா என்ற சொல்லுக்குத் தனிக் கனம் ஏறியது. அவர் போன நேரத்தில் அஞ்சலட்டை விவாகரத்தும் மருத்துவமனைக் கருக்கலைப்பும் இன்னும் சட்டத்தில் இருந்தன. ஜெனோத்தெல் மட்டும் மூடப்பட்டிருந்தது. 'பெண் பிரச்சினை தீர்ந்துவிட்டது, இனி தனிப் பிரிவு எதற்கு' என்று சொல்லி 1930-இல் அதைக் கலைத்திருந்தார்கள். கொலந்தாயோ அதற்கு முன்பே தூதர் பதவிகளில் நாட்டுக்கு வெளியே. பெரியார் இன்னும் நாலு வருடம் கழித்துப் போயிருந்தால் அங்கே வேறொரு நாட்டைப் பார்த்திருப்பார்.

எஃகு முந்திக்கொண்டது

சட்டம் மட்டும் போதாது என்பது அவர்களுக்கே தெரியும். எத்தனை சட்டம் போட்டாலும் அற்ப வீட்டு வேலை பெண்ணை நசுக்கிச் சமையலறையிலும் குழந்தை அறையிலும் கட்டிப்போடுகிறது, அவள் இன்னும் வீட்டு அடிமைதான் என்று 1919-இல் லெனினே எழுதினார். பொது உணவகம், பொதுச் சலவையகம், குழந்தைக் காப்பகம் என்று சமையலறையையே வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதுதான் அவர் கண்ட வழி. 1925-இல் இவானவா நகரில் முதல் 'சமையல் தொழிற்சாலை' திறந்தார்கள். மாஸ்கோவில் நிதித்துறை ஊழியர்களுக்காக நர்கோம்ஃபின் குடியிருப்பைக் கட்டியபோது, பல வீடுகளில் முழுச் சமையலறையே வைக்கவில்லை. கீழே பொது உணவுக்கூடம். 1931-இன் ஒரு சுவரொட்டி பிரபலம். சிவப்புத் தலைத்துணி கட்டிய பெண் ஒருத்தி கதவைத் திறக்கிறாள். உள்ளே இருட்டில் சலவைத் தொட்டியோடு மல்லுக்கட்டும் இன்னொருத்தி. வெளியே வெளிச்சத்தில் உணவகம், காப்பகம், மன்றம். 'சமையலறை அடிமைத்தனம் ஒழிக!' என்று எழுதியிருக்கும்.

சுவரொட்டி அச்சாகிய அதே நேரத்தில் முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பணம் எஃகுக்குப் போனது, நிலக்கரிக்குப் போனது. சலவையகத்துக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்ற நிலை. பெண்களை மட்டும் லட்சக்கணக்கில் ஆலைக்கு அழைத்தார்கள். சமையலறை வெளியே வரவில்லை. பெண் வெளியே வந்தாள், மாலையில் சமையலறைக்குத் திரும்பினாள். சோவியத் நாடு முடியும்வரைக்கும் இதுதான் ஏற்பாடு.

கொலந்தாயும் லெனினும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: பாத்திரத்தை ஆண் கழுவினால் என்ன? வீட்டு வேலையை அரசு எடுத்துக்கொள்ளும் என்றார்கள். ஆண் எடுத்துக்கொள்ளட்டும் என்பதை ஒரு கொள்கையாக யாரும் வைக்கவில்லை. அரசு எடுத்துக்கொள்ளாதபோது அது யார் தலையில் விழும் என்பது எல்லோருக்கும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

இந்தக் காலத்தின் வரவையும் கணக்கில் வைக்கவேண்டும். 1897 மக்கள்தொகைக் கணக்கில் ரஷ்யப் பேரரசின் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 13 சதவீதம். 1939-இல், ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களில் அது 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இரண்டே தலைமுறைதான். பாட்டிக்குக் கையெழுத்து வராது, பேத்தி எஞ்சினியர். இப்படிப்பட்ட குடும்பங்கள் அங்கே சாதாரணம். இதை ஒதுக்கிவிட்டுப் பேசுகிற எந்த விமர்சனத்தையும் நான் நம்புவதில்லை.

கொடுத்த கை

1936 மே மாதம் அரசு ஒரு சட்ட முன்வரைவைச் செய்தித்தாள்களில் வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கருக்கலைப்பைத் தடை செய்வது பற்றி. ஸ்டாலின் ஆட்சியில் இது அபூர்வம். பெண்கள் எழுதினார்கள், எதிர்ப்புக் கடிதங்களும் அச்சில் வந்தன. படிப்பு பாதியில் நின்றுவிடும், ஒரே அறையில் இத்தனை பேர் இருக்கிறோம், முதலில் வீடும் காப்பகமும் கொடுங்கள் என்று நேரடியாகவே கேட்டார்கள். ஜூன் 27 அன்று தடை வந்தது. உடல்நலக் காரணத்துக்கு மட்டும் விலக்கு. செய்யும் டாக்டருக்குச் சிறை. செய்துகொண்ட பெண்ணுக்கு முதல் முறை பகிரங்கக் கண்டனம், மறுமுறை 300 ரூபிள் அபராதம். விவாகரத்துக்குப் படிப்படியான கட்டணம்: முதல் தடவை 50 ரூபிள், இரண்டாவதற்கு 150, அதற்குமேல் 300. ஏழு பிள்ளை பெற்ற தாய்க்கு உதவித்தொகை. 'வாழ்க்கை மேம்பட்டுவிட்டது, இனி அந்த அனுமதி தேவையில்லை' என்பதே விளக்கம். பிறப்பு விகிதம் ஓரிரு வருடம் ஏறியது, பிறகு இறங்கியது. கருக்கலைப்பு நிற்கவில்லை, மறைவுக்குப் போனது. அரைகுறையாகக் கலைத்துவிட்டு ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெருகினார்கள்.

மறு ஆண்டு ஆகஸ்டில் ரகசியப் போலீஸின் ஓர் ஆணை, 'மக்கள் விரோதி'களின் மனைவிகளைக் கைது செய்யச் சொன்னது. கணவனுக்கு மனைவியாக இருந்ததே குற்றம். கஜகஸ்தானில் அக்மோலின்ஸ்க் பக்கம் அவர்களுக்கென்றே ஒரு முகாம் இருந்தது. கணவனைச் சாராத தனி மனுஷி என்று 1918-இல் பெண்ணைச் சட்டம் அறிவித்த நாடு அது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. சுமார் எட்டு லட்சம் பெண்கள் சோவியத் படைகளில் இருந்தார்கள். விமானம் ஓட்டினார்கள், குறிபார்த்துச் சுட்டார்கள், காயம்பட்டவர்களை இழுத்துவந்தார்கள். நாடு இழந்தது ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் உயிர்களை. 1959 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஆண்களைவிடப் பெண்கள் 2 கோடிக்கும் மேல் அதிகம். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு ஆண் துணை கிடைக்கப்போவதில்லை என்பது போர் முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. 1944 ஜூலை ஆணையை இந்தக் கணக்கை வைத்துத்தான் படிக்கவேண்டும்.

பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவருக்கு 'வீரத்தாய்' பட்டம். ஏழு முதல் ஒன்பது வரை 'தாய்மைப் புகழ்' விருது. ஐந்து, ஆறுக்குப் பதக்கம். பிள்ளையில்லாதவர்களின் சம்பளத்தில் 6 சதவீதம் வரி. பதிவு செய்த திருமணம் மட்டுமே இனித் திருமணம். விவாகரத்துக்கு நீதிமன்றம், செய்தித்தாளில் விளம்பரம், பெரும் கட்டணம். எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் இது: திருமணம் ஆகாத தாய், குழந்தையின் தகப்பன் யார் என்று வழக்குப் போடும் உரிமையை இழந்தாள். ஜீவனாம்சம் கேட்கமுடியாது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தில் ஒரு கோடு.

இந்தக் கோட்டின் தர்க்கம் குரூரமானது, ஆனால் தெளிவானது. ஆண்கள் குறைவு. இருக்கிற ஆண்கள் தயக்கமில்லாமல் பலருக்குப் பிள்ளை கொடுக்கவேண்டுமானால், அவர்கள்மேல் வழக்குப் பயம் இருக்கக்கூடாது. செலவை அரசு சிறு உதவித்தொகையாகப் பார்த்துக்கொள்ளும். 1918-இல் 'முறைகேடான பிள்ளை' என்ற சொல்லையே சட்டத்திலிருந்து எடுத்தவர்கள், 26 வருடம் கழித்து அதை ஒரு பேனாக் கோடாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தச் சான்றிதழைப் பள்ளியில் சேரும்போது நீட்டவேண்டும். வகுப்பில் எத்தனை பேருக்குக் கோடு இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? 1968 வரை இது நீடித்தது.

ஸ்டாலின் செத்து இரண்டு வருடம் கழித்து, 1955-இல் கருக்கலைப்பு மறுபடி சட்டபூர்வமானது. 1965-இல் விவாகரத்து எளிதானது. கொடுத்தது, எடுத்தது, மறுபடி கொடுத்தது எல்லாமே ஒரே கை. நாட்டுக்கு எப்போது உழைக்கும் கை வேண்டும், எப்போது பிள்ளை வேண்டும் என்ற கணக்கில்தான் அந்தக் கை அசைந்தது. வாங்கியவர்களுக்கு அதைப் பிடித்துவைத்துக்கொள்ள வழி ஏதும் இல்லை. சங்கம் கட்சியுடையது, பத்திரிகை கட்சியுடையது, நீதிமன்றமும் அப்படியே.

'என்ன போடுகிறார்கள்?'

1970-களின் மாஸ்கோவில் ஒரு வார நாள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மெட்ரோவில் வேலைக்குப் போகிறாள். மதிய இடைவேளையில் சாப்பிடுவதில்லை. அலுவலகத் தோழிகள் முறை வைத்துக்கொண்டு ஒருத்தி கடைக்கு ஓடுகிறாள். தெருவில் ஒரு வரிசை தெரிந்தால் முதலில் கடைசியில் போய் நின்றுவிடவேண்டும். 'யார் கடைசி?' என்று கேட்டு இடத்தை உறுதி செய்துகொண்டபிறகுதான் 'என்ன கொடுக்கிறார்கள்?' என்று கேட்பது. 'விற்கிறார்கள்' என்ற சொல் அங்கே புழங்கவில்லை. 'ரேஷன்ல இன்னைக்குச் சர்க்கரை போடுறாங்க' என்று நாம் சொல்வது மாதிரியேதான். காசு கொடுத்து வாங்கினாலும் அது யாரோ போடுவது. வாங்குவதற்கும் அவர்கள் சொல்லும் வினைச்சொல் வேறு: 'தேடிப் பிடித்தேன்' என்பதற்கு நெருக்கமானது.

கடைக்குள் போனாலும் ஒரு வரிசை போதாது. பொருளைப் பார்த்து விலை தெரிந்துகொள்ள ஒரு வரிசை. கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க இன்னொன்று. சீட்டைக் காட்டிப் பொருளை வாங்க மூன்றாவது. பால் ஒரு கடை, ரொட்டி ஒரு கடை, காய்கறி ஒரு கடை. மூன்று வரிசையை மூன்று கடையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மேசை நாற்காலி, கம்பளம் மாதிரிப் பெரிய பொருளுக்கு மாதக்கணக்கில் பெயர்ப் பட்டியல். நீண்ட வரிசையில் கையிலேயே எண் எழுதிக்கொள்வார்கள். இத்தனைக்கும் மாஸ்கோதான் நாட்டிலேயே நிறைந்த ஊர். சுற்றுப்பட்டு நகரத்து மக்கள் ரயிலேறி வந்து இங்கேதான் இறைச்சி வாங்கிப்போனார்கள். 'நீளமானது, பச்சையானது, சாசேஜ் வாசம் அடிப்பது, அது என்ன?' என்று ஒரு விடுகதை அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். விடை, மாஸ்கோவிலிருந்து ஊர் திரும்பும் ரயில்.

வேலை நேரத்தில்தான் வரிசை சிறிதாக இருக்கும் என்பதால் வேலை நேரத்திலேயே நழுவிப்போவதும் வழக்கம். 1983-இல் அந்திரோபோவ் ஆட்சியில் ஒழுங்கை நிலைநாட்டுகிறோம் என்று போலீஸ் கடைகளிலும் சினிமாக் கொட்டகைகளிலும் பொதுக் குளியலறைகளிலும் நுழைந்து, 'வேலை நேரத்தில் இங்கே என்ன செய்கிறாய்?' என்று விசாரித்தது. இறைச்சிக்கு நின்ற பெண் அதற்கு என்ன பதில் சொல்லுவாள்!

வீட்டுக்கு வந்தால் சமையலறை. பழைய கூட்டுக் குடியிருப்பாக இருந்தால் நாலைந்து குடும்பத்துக்கு ஒரே சமையலறை, ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு அடுப்பு முனை. குருஷ்சேவ் காலத்து அடுக்குமாடி கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஆறு சதுர மீட்டர்கூட இல்லாத சமையலறைதான், ஆனால் தன்னுடையது. குழந்தை இருந்தால் பழந்துணியிலும் சல்லாத்துணியிலும் தைத்த கோவணத்துணிகளைக் கொதிக்கவைத்துத் துவைத்து இஸ்திரி போடவேண்டும். மாதவிடாய்க்குப் பஞ்சும் சல்லாத்துணியும்தான். விண்வெளிக்கு ராக்கெட் அனுப்பிய தொழில்துறையின் திட்டப் பட்டியலில் அந்த நாப்கின் கடைசிவரைக்கும் இடம்பெறவில்லை. திட்டக் குழுவில் உட்கார்ந்தவர்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

சோவியத் ஆய்வாளர்கள் இந்த நேரத்தையெல்லாம் கணக்கெடுத்தே வைத்திருந்தார்கள் என்பதுதான் விசித்திரம். ஸ்துருமிலின் என்ற பொருளாதார அறிஞர் 1920-களின் தொடக்கத்திலேயே தொழிலாளர் குடும்பங்களில் யார் எத்தனை மணிநேரம் எதற்குச் செலவிடுகிறார்கள் என்று அளந்தார். பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகத் தூங்கினார்கள். ஐம்பது வருடம் கழித்து எடுத்த ஆய்வுகளிலும் வீட்டு வேலையில் பெண்ணின் நேரம் ஆணுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆணும் சும்மா இருந்தான் என்று இல்லை. தொழிற்சாலையில் அவனும் உழைத்தான். வீட்டுக்கு வந்தபின் அவனுக்குச் செய்தித்தாள் இருந்தது.

இந்த ஏற்பாடு உடையாமல் தாங்கியதற்குக் காரணம் அரசு இல்லை, பாபுஷ்கா, பாட்டி. பெண்களுக்கு ஓய்வு வயது 55, ஆண்களுக்கு 60. இந்த ஐந்து வருடச் சலுகையை உழைத்த பெண்ணுக்கான மரியாதை என்று சொன்னார்கள். நடைமுறையில் 55 வயதுக்காரி வேலையிலிருந்து விடுபட்டு மகளின் வரிசையில் போய் நின்றாள், பேரனைப் பார்த்துக்கொண்டாள். இது புரிய நமக்கு விளக்கம் தேவையில்லை.

கருக்கலைப்பு பற்றி மறுபடி வரவேண்டியிருக்கிறது. 1960-களின் நடுவில் ரஷ்யக் குடியரசில் பிறப்புகளைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கருக்கலைப்புகள் நடந்தன. பெண்கள் அதை விரும்பியா செய்தார்கள்? வேறு வழியில்லை. உள்நாட்டு ஆணுறைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'கலோஷ்', அதாவது மழைக்குச் செருப்புமேல் போடும் ரப்பர் உறை. கருத்தடை மாத்திரையின் பக்கவிளைவுகளைப் பட்டியலிட்டு 1974-இல் சுகாதார அமைச்சகமே டாக்டர்களை எச்சரித்தது. மிஞ்சியது மருத்துவமனைதான். ஒரே அறையில் அடுத்தடுத்துப் பல பெண்கள், மயக்க மருந்து பெயருக்கு அல்லது அதுவும் இல்லை. அந்த அறைகளுக்குப் பெண்கள் சொன்ன பெயர் 'இறைச்சி அரவை எந்திரம்'. உரிமை சட்டத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டு வெளியே வந்தவள் அதை உரிமை என்று நினைவில் வைத்துக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம்.

மகப்பேறு மருத்துவமனைக்குள் கணவனுக்கு அனுமதி இல்லை. தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்துவான்: 'பையனா, பொண்ணா?' குழந்தை வேறு அறையில் இறுகச் சுற்றப்பட்டுக் கிடக்கும். மணியடித்தாற்போலப் பால் குடிக்க மட்டும் கொண்டுவருவார்கள். அதேசமயம் 112 நாள் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு, 1980-களில் ஒரு வயது வரை மாதம் 35 ரூபிள் உதவித்தொகை, வேலை பறிபோகாது என்ற உறுதி. அமெரிக்கப் பெண்ணுக்கு அன்று சம்பளத்தோடு பிரசவ விடுப்பு தேசியச் சட்டமாகக் கிடையாது.

ராக்கெட்டும் ஏப்ரனும்

டாக்டர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் பெண்கள். இதைக் கேட்டதும் நமக்கு வியப்பு வரும். டாக்டர் சம்பளம் தேர்ந்த ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தைவிடக் குறைவு என்பது சோவியத் நாட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் நிறைந்த தொழிலின் சம்பளம் கீழே தங்கியது, அல்லது சம்பளம் கீழே இருந்த தொழிலில் பெண்கள் நிறைந்தார்கள். எது முந்தி என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். கிளினிக்கில் நோயாளியைப் பார்ப்பவர் பெண்; பெரிய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆண். 1978-இல் பெண்ணின் உடலுக்கு ஆபத்து என்று நானூறுக்கும் மேற்பட்ட வேலைகளைத் தடைப் பட்டியலில் வைத்தார்கள். அவற்றில் பல நல்ல சம்பள வேலைகள். கடப்பாரையால் ரயில் பாதை செப்பனிடும் ஆரஞ்சுச் சட்டைப் பெண்களை அந்தப் பட்டியல் பெரிதாகக் காப்பாற்றவில்லை.

உச்ச சோவியத் என்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் ஒருவர் பெண். முடிவெடுக்கும் இடமான அரசியல் தலைமைக் குழுவிலோ எகத்தெரீனா ஃபூர்த்சேவா ஒருவர்தான், அதுவும் 1957 முதல் 1961 வரை. அவருக்குப் பிறகு கோர்பசேவ் காலம்வரை யாரும் இல்லை.

யாரோஸ்லாவ்ல் நகரில் நெசவாலைத் தொழிலாளியாக இருந்த வாலெந்தினா தெரஷ்கோவா 1963-இல் பூமியை 48 தடவை சுற்றினார். இரண்டாவது சோவியத் பெண் மேலே போக 19 வருடம் ஆனது. 1982-இல் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா சல்யூத் விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே அங்கிருந்த வீரர் அவருக்கு ஓர் ஏப்ரனை நீட்டி, வேலையைப் பார்க்கச் சொன்னார். வேடிக்கைக்குத்தான். இரண்டு வருடம் கழித்து அதே சவீத்ஸ்கயா விண்வெளியில் நடந்த முதல் பெண் ஆனார். அந்த ஏப்ரனைப் பற்றி எழுதாமல் என்னால் இந்தக் கட்டுரையை முடித்திருக்க முடியாது.

மத்திய ஆசியாவில் இதே கதை இன்னும் ரத்தம் தோய்ந்தது. 1927 மார்ச் 8 அன்று உஸ்பெகிஸ்தானில் 'ஹுஜும்', அதாவது 'தாக்குதல்', என்ற இயக்கத்தைக் கட்சி தொடங்கியது. சதுக்கங்களில் பெண்கள் முகத்திரையைக் கழற்றி நெருப்பில் போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் போய்விட்டார்கள். பெண்கள் தங்கள் தெருவுக்குத் திரும்பவேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். நூர்கான் என்ற இளம் நடனக் கலைஞரைக் கொன்றது அவருடைய சொந்த அண்ணன். பிறகு வந்த தலைமுறை படித்தது, டாக்டரானது. பருத்திக் காட்டில் குனிந்து நின்றதும் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

1979-இல் லெனின்கிராதில் சில பெண்கள் இதையெல்லாம் தட்டச்சில் அடித்து, கையளவு பிரதிகளாக ரகசியமாகச் சுற்றுக்கு விட்டார்கள். மகப்பேறு மருத்துவமனை, கருக்கலைப்பு அறை, காப்பகம், சிறை, குடித்துவிட்டு வரும் கணவன். அரசைக் கவிழ்க்கச் சொல்லி அதில் ஒன்றும் இல்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று 1930-இலேயே அறிவித்துவிட்ட நாட்டில், தீரவில்லை என்று சொன்னதே போதுமானதாக இருந்தது. 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, தத்யானா மமோனோவா உட்பட மூன்று பேரை நாட்டைவிட்டே அனுப்பினார்கள்.

கோர்பசேவ் வந்தார். பேச்சுச் சுதந்திரத்தோடு இன்னொன்றும் வந்தது. பெண்கள் தங்களுக்கே உரிய பெண்மைக் கடமைக்குத் திரும்ப என்ன செய்யலாம் என்று விவாதித்துக்கொண்டிருப்பதாக 1987-இல் அவரே எழுதினார். களைத்துப்போன பெண்களில் பலருக்கு அது வசவாகக் கேட்கவில்லை, ஓய்வாகக் கேட்டது. 1989-இல் முதல் முறையாக உண்மையான போட்டியோடு தேர்தல் நடந்தது. பிரதிநிதிகளில் மூன்றில் ஒன்றாக இருந்த பெண்களின் பங்கு அதில் பாதியாகச் சரிந்தது. 1991 மார்ச்சில் தூப்னா நகரில் கூடிய சுதந்திரப் பெண்கள் மாநாடு 'பெண்கள் இல்லாத ஜனநாயகம் ஜனநாயகமே அல்ல' என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடே இல்லை.

ஆலைகள் மூடின. ஆலை நடத்திய காப்பகங்கள் அவற்றோடு மூடின. வேலையில்லாதவர்களாகப் பதிந்துகொண்டவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்களில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சம்பளம் வராத எஞ்சினியர்களும் ஆசிரியைகளும் துருக்கிக்கும் போலந்துக்கும் சீனாவுக்கும் பஸ் ஏறினார்கள். அங்கே மொத்த விலைக்குத் துணிமணி வாங்கிவந்து தங்கள் ஊர்ச் சந்தையில் விற்றார்கள். நெசவுத் தறியின் ஓடம்போல் போவதும் வருவதுமாக இருந்ததால் அவர்களுக்குச் 'செல்னோக்' என்று பெயர். ஓடம் என்றுதான் பொருள். உள்ளங்கையில் அடங்கும் நூல் பை அந்த வேலைக்குப் போதாது. கட்டம்போட்ட பெரிய பிளாஸ்டிக் சாக்குப் பையை ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு, எல்லைச் சோதனைச் சாவடி வரிசையில் 'யார் கடைசி?' என்று கேட்டு நின்றார்கள்.